ஒன்பது பி வட்டத்தில் உன் முறை

தம்பி,

நீ அனுப்பிய பாட்டைக் கேட்டேன். முதலில் பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். வீட்டுக்கு வந்து குழம்பு கொதிக்கும்போது மறுபடியும் கேட்டேன். உன் அப்பா எட்டிப் பார்த்து, "என்ன பாட்டு அது?" என்றார். ஸ்கூல் வேலை என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பாட்டு நன்றாக இருக்கிறது, பொய்க்குச் சொல்லவில்லை. என் வகுப்புப் பிள்ளையின் குரலுக்கு அடியில் ஐஸ் கட்டி உடைகிற மாதிரி ஒரு சத்தம் வைத்திருக்கிறாயே, அதைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இதைச் சொல்லிவிட்டு அடுத்ததைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அதை வெளியிடாதே. இப்போதைக்கு வேண்டாம். ஏன் என்று போனில் சொன்னால் "சரிம்மா, பாக்கலாம்மா" என்று வைத்துவிடுவாய். மெசேஜ் போட்டால் "ம்" என்று ஒற்றை எழுத்தில் பதில் வரும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இதை நாலு பேர் படிக்கும்படி எழுதுவதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. பயிற்சிக்குப் போகிற இடத்தில் மற்ற டீச்சர்கள் என்னைப் பிடித்துக்கொள்கிறார்கள். "நீங்கதான் அந்த ராப் டீச்சராமே, எங்க கிளாசுக்கும் ரெண்டு பாட்டு எழுதிக் குடுங்களேன்" என்கிறார்கள். பாட்டு எழுதிக் கொடுப்பதில் விஷயம் இல்லை என்று சாப்பாட்டு இடைவேளைக்குள் எனக்குச் சொல்லத் தெரிவதில்லை. அவர்களும் இதைப் படிக்கட்டும். அந்தப் பிள்ளையின் பெயரை நான் எழுதப் போவதில்லை. பள்ளிக்கூடம் கோட்டைப்பட்டினம் பக்கமா, ஜெகதாப்பட்டினம் பக்கமா என்பதையும் எழுதப் போவதில்லை. உனக்குத் தெரியும், அது போதும்.

என்னைப் பிள்ளைகள் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று உனக்குத் தெரியுமா? சைலன்ஸ் டீச்சர். வகுப்புக்குள் கால் வைக்கும்போதே அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்துவிடும். வேறு பள்ளியில் இருந்தபோது அது பலித்தது. இந்தக் கடற்கரைப் பள்ளிக்கு மாற்றலாகி வந்த பிறகும் பலித்தது, அதுதான் வினை. ஒன்பது பி என்னைக் கண்டால் அப்படியே அடங்கிவிடும். சமூக அறிவியல் பாடம் நடத்துவேன், கேள்வி கேட்பேன், ஒரு பிள்ளை வாய் திறக்காது. மணி அடித்து நான் வராந்தாவில் நாலடி போவதற்குள் உள்ளே சந்தைக்கடை மாதிரி இரைச்சல் கேட்கும். அத்தனை பேச்சும் அவர்களிடம் இருக்கிறது, எனக்குக் கொடுக்க மட்டும் இல்லை என்று எனக்குள் ஒரு எரிச்சல். பத்தாததற்கு விசைப்படகுகள் கரை திரும்புகிற காலையில் பாதி பெஞ்ச் காலியாக இருக்கும். வலையிலிருந்து நண்டு எடுக்க, மீனைத் தரம் பிரிக்க என்று போய்விடுவார்கள். மறுநாள் வந்தால் விரல் முழுக்க முள் குத்திய காயம். நான் அதைப் பார்ப்பேன், பார்த்துவிட்டு, "நேத்து எங்க போன?" என்று நிற்கவைப்பேன். பதில் தெரிந்தே கேட்கிற கேள்விக்கு அந்தப் பிள்ளை என்ன சொல்லும்?

அந்தச் சமயத்தில்தான் நீ சென்னை வேலையை விட்டுவிட்டு வந்து வீட்டில் இருந்தாய். பகலில் தூங்குவதும் சாயங்காலம் மாடியில் போய் வாயாலேயே மேளம் அடிப்பதுமாக இருந்தாய். உன் அப்பா சவூதியிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்து, அறந்தாங்கியில் எலக்ட்ரிக்கல் கடை போட்ட புதிது. நீங்கள் இருவரும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு என் மூலமாகப் பேசிக்கொண்டீர்கள். "அவன் சாப்பிட்டானா?" என்று அவர் என்னிடம் கேட்பார். "அவுக கடைக்குக் கெளம்பியாச்சா?" என்று நீ என்னிடம் கேட்பாய். எனக்கு வந்த கோபத்துக்கு உன்னை ஏதாவது உருப்படியான வேலையில் மாட்டிவிட வேண்டும் என்று தோன்றியது. அதனால் மண் வகைகள் பாடத்தை நீட்டி, இதை ராப் பாட்டாக எழுதிக் கொடு, பிள்ளைகள் சீக்கிரம் மனப்பாடம் செய்வார்கள் என்றேன். நீ முகத்தைச் சுளித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தாய். நான் அதை வகுப்பில் கையை ஆட்டி ஆட்டிப் பாடினேன். கரிசல் மண்ணே கரிசல் மண்ணே என்று ஆரம்பிக்கும். பிள்ளைகள் மரியாதையாகக் கைதட்டினார்கள். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்ட பிள்ளை டாக்டருக்கு டாட்டா காட்டுமே, அந்த மாதிரிக் கைதட்டல். அதன் பிறகு பழையபடி சைலன்ஸ்.

வீட்டுக்கு வந்து உன்னிடம்தான் எரிந்து விழுந்தேன். நீ சாப்பிட்டுக்கொண்டே சொன்னாய்: "ம்மா, அது ராப்பே இல்ல. மருந்துக்கு மேல தடவுன சக்கரை. நீ சொல்றதத்தான் அவங்க திருப்பிச் சொல்லணும்னா அதுக்குப் புக்கே போதும். அவங்க சொல்றத நீ எப்பக் கேக்கப்போற?" எனக்குச் சுருக்கென்று இருந்தது. இத்தனை வருஷம் சாக்பீஸ் பிடித்தவளுக்கு, பத்து மணிக்கு எழுந்திரிக்கிறவன் சொல்லித் தருகிறானா என்று நினைத்தேன். ஆனால் படுத்தால் அந்தக் கேள்வி விடவில்லை. மறுநாள் ஹெட்மாஸ்டரிடம் அனுமதி கேட்டு, உன்னைக் கையோடு பஸ்ஸில் ஏற்றினேன். நீ மைக் கேட்பாய், ஸ்பீக்கர் கேட்பாய், மேடை மாதிரி ஏதாவது கேட்பாய் என்று எதிர்பார்த்தேன். நீ வந்ததும் பெஞ்சையெல்லாம் சுவரோரம் தள்ளச் சொன்னாய். எல்லோரையும் வட்டமாக நிற்கவைத்தாய். என்னையும் பிடித்து இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் நிறுத்தினாய். டீச்சருக்கென்று ஒரு பக்கம் இல்லாத வகுப்பறையில் அதுவரை நான் நின்றதே இல்லை.

அன்றைக்கு நீ சொன்னதை நான் அப்படியே மனதில் வைத்திருக்கிறேன். "இது எங்கயோ அமெரிக்காவுல, யாரும் காது குடுக்காத தெருவுல, பசங்க வட்டமா நின்னு ஆரம்பிச்சது. பணம் இல்ல, வாத்தியம் இல்ல, வாயும் கையும்தான். இதுல பாஸு, பெயிலு கிடையாது. எல்லாருக்கும் ஒரு முறை வரும். ஒருத்தர் சொல்லையில அடுத்தவர் குறுக்க பேசக்கூடாது. அடுத்தவன் வரிய எடுத்து நம்மதுன்னு சொல்லக்கூடாது. இங்க சொன்னது சொன்னவங்களோடது. அவங்க குடுத்தாத்தான் வெளிய போகும்." இவ்வளவுதான் சொன்னாய். வகுப்பில் பார்த்து எழுதுவதையே படிப்பு என்று பழக்கிவைத்த எனக்கு, அடுத்தவன் வரியைத் தொடாதே என்பது புதிதாக இருந்தது. பிறகு நீ மேஜை மேல் தட்டி, வாயால் தாளம் போட ஆரம்பித்தாய். பிள்ளைகள் கண்ணெல்லாம் பளபளவென்று இருந்தது. ஆனால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. தாளம் ஒரு சுற்று வந்தது, இரண்டு சுற்று வந்தது. ஒரு பையன், "அண்ணே, நீங்க மொதல்ல சொல்லுங்கண்ணே" என்றான். "நான் பீட்டு போடுறேன்ல, நீங்க சொல்லுங்க" என்று நீ தப்பித்துக்கொண்டாய். அதை நான் கவனித்தேன், தம்பி. அப்போது ஒன்றும் கேட்கவில்லை.

அந்த மௌனத்தை என்னால் பொறுக்க முடியவில்லை. சைலன்ஸ் டீச்சருக்கே சைலன்ஸ் தாங்கவில்லை, பார்த்துக்கொள். நானே வாயைத் திறந்தேன். பஸ்ஸில் வந்தபோது மனதில் ஓடியது அப்படியே வந்துவிட்டது.

பஸ்ஸு வந்துச்சு, சீட்டு இல்ல,
பையில சோறு, பசி இல்ல,
இத்தன வருசமா சைலன்ஸ் சொன்னேன்,
இப்பப் பேசச் சொன்னா ஆளு இல்ல.

தாளத்தை விட்டு நான் எங்கேயோ போனேன், நீ என்னைத் துரத்திக்கொண்டு வந்து பிடித்தாய். முடித்ததும் எனக்குக் காது சூடாகிவிட்டது. பிறகு என் பக்கத்தில் நின்ற பிள்ளை மெதுவாக, "ஏன் டீச்சர் ஒங்களுக்குப் பசிக்கல?" என்று கேட்டாள். இத்தனை வருஷ வேலையில் ஒரு மாணவி என் பாடத்தைப் பற்றிக் கேட்காமல் என்னைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது. எனக்கு அழுகை வந்துவிட்டது. சர்க்கரை மாத்திரை போட்டதிலிருந்து பசியே இல்லை என்று உண்மையைச் சொன்னேன். "எங்க அத்தைக்கும் அப்புடித்தான் டீச்சர்" என்றாள். அப்புறம்தான் ஒரு பையன் தொண்டையைச் செருமினான். அவன் சித்தப்பா மீன் ஏலம் போடுகிறவர். ஏலக்கூடத்தில் மூச்சு விடாமல் விலை கூவுவார்களே, அதே வேகத்தில் சொன்னான்:

நண்டுக்கு ஒரு வெல, கணவாய்க்கு ஒரு வெல,
நாளைக்கு லீவு போடுற எனக்கு என்ன வெல?

வகுப்பே ஓவென்று கத்தியது. நிற்கவைத்து நிற்கவைத்து நான் கேட்ட கேள்விக்கு அவன் அன்றைக்குத்தான் பதில் சொன்னான்.

நீ இருந்த மூன்று வாரமும் இது நடந்தது, நீ சென்னைக்குத் திரும்பின பிறகும் நடக்கிறது. பாடம் தொடங்குமுன் ஒரு சுற்று. இன்றைக்கு வெளிநாட்டு வேலை பற்றிப் பாடம் என்றால், அவரவர் வீட்டிலிருந்து இரண்டு வரி. மலேசியாவில் இருக்கிற மாமா, துபாயிலிருந்து வந்த சூட்கேஸ், போனில் மட்டும் மகளோடு பேசுகிற அத்தா என்று வந்து விழும். அதற்குப் பிறகு புத்தகத்தைத் திறந்தால் அது அவர்கள் வீட்டுக் கதை மாதிரி இருக்கிறது. படகு திரும்புகிற நாளில் நான் புதுப் பாடம் எடுப்பதில்லை. வராதவர்களை நிற்கவைப்பதும் இல்லை, மறுநாள் வட்டத்தில் அவர்களுக்குத்தான் முதல் முறை. இதனால் எல்லோரும் முதல் மதிப்பெண் வாங்கிவிட்டார்கள் என்று நினைத்துவிடாதே, அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. ஆனால் கேள்வி கேட்டால் கை தூக்குகிறார்கள். தப்பாகச் சொன்னாலும் சொல்கிறார்கள். அடுத்த அறைக் கணக்கு வாத்தியார் மட்டும், "ஒங்க கிளாஸ்ல மீன் ஏலம் போடுற சத்தம் கேக்குது டீச்சர், வெல படிஞ்சதும் சொல்லுங்க" என்று கேலி செய்கிறார். போன வாரம் அவரே ஜன்னல் பக்கம் நின்று காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்ததைப் பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள்.

இப்போது அந்தப் பிள்ளைக்கு வருகிறேன். என் பசியைப் பற்றிக் கேட்டாளே, அவள்தான். தன் முறை வரும்போதெல்லாம் தலையை ஆட்டி அடுத்த ஆளுக்குத் தள்ளிவிடுவாள். நீயும் வற்புறுத்த மாட்டாய். நீ ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள்தான் வாய் திறந்தாள். உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் எழுதுகிறேன். கடிதத்தில் எழுதிக்கொள்ள அவளே சம்மதம் கொடுத்திருக்கிறாள். "எழுத்துல என் கொரலு கேக்காதுல டீச்சர், எழுதிக்கங்க" என்றாள்.

எங்கப்பா போட்டு ஓட்டுன ஆளு,
இப்ப ஐஸு ஒடைக்கிற ஆளு,
இடுப்பு வலின்னு ஊருக்குச் சொல்லு,
எனக்குத் தெரியும் உண்மை, கேளு.
பொழுது சாஞ்சா பேச்சே இல்ல,
அப்பாவுக்குக் கடலுன்னா பயம்.

கடைசி வரியில் தாளம் நின்றுவிட்டது. நீயே நிறுத்திவிட்டாய், கை ஓடவில்லை உனக்கு. அவள் அப்பா எல்லை தாண்டியதாக அக்கரைக் கடற்படையிடம் பிடிபட்டு, அங்கே சிறையில் இருந்து திரும்பியவர். பிறகு கடலுக்குப் போகவில்லை. இடுப்புப் பிடிப்பு என்று சொல்லி ஐஸ் கம்பெனியில் சேர்ந்துவிட்டார். துறைமுகத்தில் அத்தனை பேரும் அதை நம்பினார்கள். படகு ஓட்டின ஒருவர் கடலுக்குப் பயந்துவிட்டார் என்று அங்கே தெரிந்தால் என்ன ஆகும் என்பது அந்த வட்டத்தில் நின்ற ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரியும். ஒரு பிள்ளையும் வெளியே மூச்சு விடவில்லை. விளையாடும்போது சண்டை வந்து மண்ணை வாரி இறைத்துக்கொண்ட நாளில்கூட, அந்த வரியை ஒருவரும் அவள் மேல் எறியவில்லை. நீ போட்டுக் கொடுத்த விதியை அவர்கள் அப்படிக் காத்தார்கள்.

நீ உன் போனில் பதிவு செய்திருந்தாய். "இதுக்கு நல்ல பீட்டு செஞ்சு தரட்டுமா?" என்று கேட்டாய், அவள் தலையாட்டினாள். நான்தான் பக்கத்தில் இருந்தேனே. அவள் பீட்டுக்குத்தான் தலையாட்டினாள், ஊருக்கு இல்லை. இப்போது அதை வெளியிடப்போகிறேன், இதுதான் என் வாழ்க்கையை மாற்றப்போகிற பாட்டு என்று எழுதியிருக்கிறாய். உனக்கு அது எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும். வேலையை விட்டு, வாடகை அறையில் நாலு பேரோடு இருந்துகொண்டு, ஒரு பாட்டாவது ஜனங்கள் காதில் விழாதா என்று தவிக்கிறாய். பெற்றவளுக்கு அது தெரியாமல் இருக்குமா? கேட்டு முடித்ததும் எனக்கும் ஒரு நிமிஷம் ஆசை வந்துவிட்டது. போகட்டுமே, பெயர் போடாமல் விட்டால் யாருக்குத் தெரியும் என்று நானும் நினைத்தேன். ஆனால் தினமும் காலையில் அவள் முகத்தைப் பார்த்துத்தானே நான் வகுப்பெடுக்க வேண்டும்?

அதனால் திங்கட்கிழமை அவளைத் தனியாக லேபுக்குக் கூப்பிட்டு, போனைக் கையில் கொடுத்துக் கேட்கச் சொன்னேன். இயர்போனை மாட்டி, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கேட்டாள். தன் குரலைக் கேட்டதும் அவளுக்கு வந்த சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும். பல் தெரியச் சிரித்தாள். முடிகிற இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

"இது எங்க தெருவுலயும் கேக்குமா டீச்சர்?"

"வெளியிட்டா கேக்கும்டி. எல்லார் போன்லயும் வரும்."

"அப்ப எங்கப்பா டீக்கடைக்கு எப்புடிப் போவாரு?"

நீ வேண்டாமென்றால் வேண்டாம், அண்ணனிடம் நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். அவள் போனைத் திருப்பிக் கொடுத்தாள். "நல்லாருக்குல்ல டீச்சர்?" என்றாள். நன்றாக இருக்கிறது என்றேன். "நான் எங்கப்பாகிட்டயே சொல்லிக்கிறேன். ஊருக்கு மொதல்ல கேக்கக்கூடாதுல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அந்த வாரம் முழுக்க எனக்கு இதே நினைப்புதான். அவர் அடித்துவிட்டால் என்ன செய்வது, பள்ளியை நிறுத்திவிட்டால் என்ன செய்வது? இந்தப் பிள்ளைகளைப் பேசவைத்து நான் என்ன சாதித்தேன், பேசாமல் இருந்தபோது யாருக்கும் ஒரு கெடுதலும் வரவில்லையே என்றெல்லாம் நினைத்தேன். தினமும் முதல் மணிக்கு அவள் பெஞ்சைத்தான் பார்ப்பேன். அவள் வந்திருப்பாள், ஆனால் ஒன்றும் சொல்ல மாட்டாள். நானும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் அப்பா வந்தார். வேலைக்கு நடுவில் வந்திருந்தார் போல, கால்சட்டை முட்டிவரை நனைந்திருந்தது. வராந்தாவில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"பாட்டப் புள்ள பாடிக் காட்டுச்சுங்க டீச்சர். அதுல ஒண்ணு தப்பா இருக்கு. அதான் சொல்லிட்டுப் போவம்னு வந்தேன்."

"சொல்லுங்க."

"கடலுக்குப் பயம்னு எழுதியிருக்கு. கடலு எனக்கு என்ன பண்ணுச்சுங்க? இத்தன வருசம் சோறு போட்டுச்சு. அதுக்கு இல்ல. அன்னைக்குப் புடிக்கையில மூஞ்சிக்கு நேரா ஒரு லைட்ட அடிச்சாங்க பாருங்க, கண்ணு ரெண்டும் வெந்து போச்சு. அந்த லைட்டுதான். இப்பவும் வீட்டுல பொசுக்குனு டியூப்லைட்டப் போட்டாக்கூட எனக்கு நெஞ்சு அடைக்குது. இங்கிட்டு யாருகிட்டச் சொல்றது இத? இடுப்புன்னு சொன்னேன், ஊரு நம்பிருச்சு."

அவர் பெண் வகுப்பு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார், ஆனால் மறுபடியும் கேட்கும்போது அவளுக்குக் கண் கலங்கியது. பிறகு அவள் சொன்னாள். பொழுது சாய்ந்ததும் அவர் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருப்பாராம். இவள் படிக்க விளக்கைப் போட்டால் எழுந்து வெளியே போய்விடுவாராம். தன்மேல் ஏதோ கோபம் என்று இத்தனை நாளும் நினைத்திருக்கிறாள். இப்போது, "ப்பா, லைட்டு போடப்போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போடுகிறாளாம். அவர் கண்ணை மூடிக்கொள்வாராம், பிறகு திறந்துகொள்வாராம். வெளியே போவதில்லையாம்.

பாட்டை வெளியிடுவது பற்றியும், இதை எழுதுவது பற்றியும் அவரிடமே கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார். "அத ஏங்க என்கிட்டக் கேக்குறீங்க? பாட்டு அதோடதுல்ல? அதுகிட்டயே கேளுங்க. நீங்க இத எழுதுறதுன்னாலும் எழுதுங்க. பேரு மட்டும் வேணாம், எழுதுறதத் தப்பில்லாம எழுதுங்க" என்றார். உன் விதியை அவருக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. எனக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல இருந்தது, கூச்சமாக இருந்ததால் ஒரு பையனிடம் டீ வாங்கி வரச் சொன்னேன். குடித்துவிட்டுப் போனார்.

அவர் போனதும் அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் புது வரியைத் தயாராக வைத்திருந்தாள். கடைசி இரண்டு வரியும் மாறிவிட்டன:

அப்பாவுக்குக் கடலு பயமில்ல,
அந்த லைட்டு இன்னும் அணையல.

இதைப் புதிதாகப் பதிவு செய்து வெளியிடலாமா என்றேன். "அந்த அண்ணன் இன்னும் அவுக முறைய எடுக்கலயே டீச்சர்" என்றாள். எனக்கு முதலில் புரியவில்லை. "எல்லாருக்கும் ஒரு முறை வரும்னு சொன்னாக. நீங்க சொன்னீங்க, நான் சொன்னேன், எல்லாரும் சொல்லியாச்சு. அவுக மட்டும் கடைசி வரைக்கும் பீட்டே போட்டாக. அவுக வந்து வட்டத்துல நின்னு அவுகளோடத மொதல்ல சொல்லட்டும். அப்பறம் நான் என்னோடதக் குடுக்குறேன்." இதுதான் அவள் நிபந்தனை. நான் சேர்த்தது ஒன்றும் இல்லை.

உன் பாட்டெல்லாம் கேட்டிருக்கிறேன், தம்பி. எல்லாவற்றிலும் நீ சிங்கம், நீ புயல், உன்னோடு மோதினால் தூள். சித்தன்னவாசலுக்குப் போனபோது குகைக்குள் நின்று வாயால் மேளம் அடித்து, காவல்காரர் ஓடிவந்து நான் மன்னிப்புக் கேட்டேனே, அன்றிலிருந்து உன் சத்தத்தை எனக்குத் தெரியும். சத்தம் பெரிதுதான். ஆனால் அந்தப் பாட்டுகளில் நீ எங்கே இருக்கிறாய் என்று நான் தேடிக்கொண்டே இருக்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரிந்துவிட்டது, எனக்குத் தெரியாதா? உன்னுடையது எது என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், தப்பாக இருந்தால் அவள் அப்பா மாதிரி நீயும் வந்து திருத்து.

உனக்கு அப்போது ஏழு வயது இருக்கும். உன் அப்பா லீவு முடிந்து சவூதிக்குத் திரும்புகிறார், திருச்சி ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வருகிறோம். நீ அழவே இல்லை. என்ன தைரியமான பிள்ளை என்று டிரைவர்கூடச் சொன்னார். காரில் ஏறினதிலிருந்து முன்சீட்டின் முதுகைக் கையால் தட்டிக்கொண்டே வந்தாய். இரண்டு தட்டு, ஒரு இடைவெளி, மறுபடியும் இரண்டு தட்டு. கீரனூர் வரைக்கும் பொறுத்தேன். எனக்கும் மனசு சரியில்லை, தலைவலி வேறு. திரும்பி, "சும்மா இருடா" என்று அதட்டினேன். நீ நிறுத்திவிட்டாய். அறந்தாங்கி வரும் வரை காரில் ஒரு சத்தமும் இல்லை. கண்ணால் அழாத பிள்ளை கையால் அழுதுகொண்டு வந்தது என்று எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. வகுப்பில் நீ மேஜையைத் தட்ட ஆரம்பித்தாயே, அப்போதுதான் புரிந்தது. அதே தாளம், தம்பி. இரண்டு தட்டு, ஒரு இடைவெளி.

அதனால் வா. பொங்கலுக்கு என்று தள்ளிப்போடாதே, அடுத்த வாரமே வா. நீ வருகிறாயா என்று உன் அப்பா நேற்றும் என்னிடம்தான் கேட்டார், நீங்களே போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன், இனிமேல் நடுவில் நின்று தபால் கொடுக்க என்னால் ஆகாது. அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டுக்கு அவர்தான் காரை எடுத்துக்கொண்டு வருவார். பேசாமல் வந்தாலும் பரவாயில்லை, முன்சீட்டில் உட்கார்ந்து வா. மறுநாள் என்னோடு பஸ் ஏறு. ஒன்பது பி பெஞ்சையெல்லாம் சுவரோரம் தள்ளி வைத்திருக்கும். அந்தப் பிள்ளைக்கும் ஏலக்காரர் வீட்டுப் பையனுக்கும் நடுவில் உனக்கு இடம் விட்டிருக்கிறார்கள். பீட்டு போடுகிறேன் என்று மேஜைப் பக்கம் போய்விடாதே. அந்தத் தாளம் எனக்கு மனப்பாடம், மேஜையை நான் தட்டிக்கொள்கிறேன். நீ சொல்ல வேண்டியதைச் சொல். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, இந்தத் தடவை உன்னை நான் சும்மா இரு என்று சொல்ல மாட்டேன்.

அம்மா